பின்னால் எஞ்சின், முன்னால் ரேடியேட்டர்: பழைய வேன் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபோக்ஸ்வாகன் டி3 வேனின் குளிர்விப்பு முறையைப் பற்றியவை. 1979-இல் இந்த வேன் வெளிவந்தபோது அதன் பெட்ரோல் எஞ்சின்கள் காற்றால் குளிர்விக்கப்பட்டன. 1982-இன் இறுதியில்தான், சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் அமைந்த அதே வகை எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடும் 1.9 லிட்டர் வடிவம் வந்தது. அதைத் தொடர்ந்து 2.1 லிட்டர் எஞ்சினும் வந்தது. எஞ்சின் வண்டியின் வால் பகுதியிலும், சூடான தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர் மூக்குப் பகுதியிலும் இருப்பதால், சூடான தண்ணீர் வண்டியின் முழு நீளத்தையும் கடந்து முன்னே சென்று, ஆறிய பிறகு அதே தூரம் திரும்பி வர வேண்டும். கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த நீண்ட பயணத்திலிருந்து பிறந்தவையே.

கேள்வி: பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்த 1986-ஆம் ஆண்டு டி3 வேனை வாங்கியிருக்கிறேன். எஞ்சின் 1.9 லிட்டர். தொட்டியில் பழுப்பு நிறத் தண்ணீர் இருக்கிறது. அதை வடித்துவிட்டு இப்போதைக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாமா? தண்ணீரோடு கலக்கும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் எது நல்லது?

பதில்: குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டுவதை ஒரு வாரத்துக்குக்கூட நான் ஏற்க மாட்டேன். இந்த எஞ்சினின் உடலும், சிலிண்டர்களின் முனையை மூடும் சிலிண்டர் ஹெட்டுகளும் அலுமினியக் கலவையால் ஆனவை. உள்ளிருக்கும் சிலிண்டர்கள் வார்ப்பிரும்பு. இரு வேறு உலோகங்கள் ஒரே நீரில் ஆண்டுக்கணக்கில் ஊறும்போது, அரிப்பைத் தடுக்கும் சேர்மம் அந்த நீரில் இல்லையென்றால், முதலில் கரைவது அலுமினியம்தான். ஹெட்டும் எஞ்சின் உடலும் சேரும் விளிம்பில் ஓர் அகலமான ரப்பர் கேஸ்கட் தண்ணீரை அடைத்து நிற்கிறது. அது அமரும் உலோகப் பரப்பு அரித்துக் குழி விழுந்துவிட்டால், புதிய ரப்பரைப் போட்டாலும் கசிவு நிற்காது. இந்த எஞ்சின் 'ஹெட் கேஸ்கட் போகும் எஞ்சின்' என்று பெயர் வாங்கியதற்கு வடிவமைப்பு ஒரு காரணம். கூலன்ட்டை மாற்றாமல் விட்ட உரிமையாளர்கள் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

எத்திலீன் கிளைகால் அடிப்படையிலான, ஃபாஸ்ஃபேட் கலக்காத கூலன்ட்டை வாங்குங்கள். கடின நீரில் உள்ள கால்சியத்தோடு ஃபாஸ்ஃபேட் சேர்ந்தால் உப்புப் படிவு உண்டாகும்; அந்தப் படிவு ரேடியேட்டரின் நுண்குழாய்களையும், அதே சூடான நீரால் வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீட்டரின் குழாய்களையும் அடைத்துவிடும். அந்நாளில் தயாரிப்பாளர் கொடுத்த நீல–பச்சை நிற ஜி11 வகையும் ஃபாஸ்ஃபேட் இல்லாததுதான். பின்னர் வந்த சிவப்பு நிற ஜி12 வகையை அதனோடு கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் பழுப்பு நிறச் சேறு போன்ற ஒன்று உருவாகும். உங்கள் தொட்டியில் இருப்பது வெறும் துருவாகவும் இருக்கலாம், யாரோ இரண்டு வகைகளைக் கலந்ததன் விளைவாகவும் இருக்கலாம். எதுவானாலும், தெளிந்த நீர் வரும்வரை பலமுறை நிரப்பி வடிப்பதுதான் வழி. அப்படிச் செய்யும்போது ஹீட்டரை முழுவதுமாகத் திறந்து வையுங்கள். இல்லையென்றால் ஹீட்டருக்குள் இருக்கும் பழைய நீர் அங்கேயே தங்கி, புதிய கூலன்ட்டைக் கெடுத்துவிடும்.

கலவையில் பலரும் தவறுவது ஓர் எளிய கணக்கில். இந்த வேனின் முழுக் கொள்ளளவு எஞ்சினையும் கூடுதல் ஹீட்டரையும் பொறுத்து ஏறத்தாழ 16 முதல் 18 லிட்டர் வரை; ஒரு சாதாரணக் காரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எவ்வளவு வடித்தாலும் நீண்ட குழாய்களிலும் எஞ்சினுக்குள்ளும் சில லிட்டர் தங்கிவிடும். பத்து லிட்டர் வடிந்தது என்று பத்து லிட்டர் பாதிக்குப் பாதிக் கலவையை ஊற்றினால், உள்ளே தங்கிய வெறும் நீரோடு சேர்ந்து அது பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்துவிட்டு, முழுக் கொள்ளளவில் பாதியை, 17 லிட்டர் என்றால் எட்டரை லிட்டர் அடர் கூலன்ட்டை, முதலில் ஊற்றுங்கள். மீதி இடத்தைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். பாதிக்குப் பாதிக் கலவை ஏறத்தாழ பூஜ்யத்துக்குக் கீழ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. கொதிநிலையும் சில டிகிரி உயரும். பனியே பார்க்காத வண்டிக்கும் அரிப்புத் தடுப்புக்காக இந்தக் கலவை வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உறையாத தன்மை மாறாமல் இருக்கும்போதே அரிப்புத் தடுப்புச் சேர்மம் தீர்ந்துவிடும் என்பதால், மிதவை வைத்து உறைநிலையைப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: கூலன்ட்டை நானே மாற்றினேன். அன்று முதல் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வருகிறது. வெப்பமானி முள் ஏறிக்கொண்டே போகிறது, திடீரென்று இறங்குகிறது. தொட்டி நிறைந்துதான் இருக்கிறது. தெர்மோஸ்டாட் போய்விட்டதா?

பதில்: நீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டை இப்போது கழற்ற வேண்டாம். நீங்கள் எழுதிய மூன்று அறிகுறிகளும் உள்ளே காற்று அடைபட்டிருப்பதையே காட்டுகின்றன. எஞ்சினுக்கு மேலே ரேடியேட்டர் இருக்கும் வண்டிகளில் காற்று தானாகவே மேலே ஏறி மூடி வழியே போய்விடும். இங்கே ரேடியேட்டர் நாலு மீட்டருக்கு அப்பால், வண்டியின் முன் கோடியில் இருக்கிறது. இடையில் குழாய்கள் தரையை ஒட்டி ஓடுகின்றன. பின்னால் தொட்டியில் ஊற்றும் நீர், முன்னால் ரேடியேட்டரின் மேற்பகுதியில் தங்கிய காற்றைத் தள்ளிவிட வழியில்லை. தொட்டி நிறைந்திருப்பது ரேடியேட்டர் நிறைந்திருப்பதற்குச் சான்று ஆகாது. முள் ஏறி இறங்குவதற்கும் காரணம் அதுவே: வெப்ப உணரியைச் சூடான நீர் தொடும்போது ஒரு அளவும், காற்றுக் குமிழோ ஆவியோ சூழும்போது வேறு ஒரு அளவும் காட்டும்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். வண்டியின் முன்பகுதியைச் சுமார் 40 சென்டிமீட்டர் உயர்த்தி, ஜாக்கின் மேல் அல்லாமல் உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்கு முட்டு வையுங்கள். சரிவான இடத்தில் மூக்கை மேட்டுப் பக்கமாக வைத்து நிறுத்தினால் உயர்த்த வேண்டிய அளவு குறையும். முன்புற கிரில்லைக் கழற்றினால் ரேடியேட்டரின் மேல் மூலையில் காற்று வெளியேற்றும் திருகு தெரியும், அதைத் தளர்த்துங்கள். எஞ்சின் பக்கம் காற்று வெளியேற்றும் வால்வு உள்ள வண்டியாக இருந்தால் அதையும் திறந்து வையுங்கள். ஹீட்டர் நெம்புகோலை முழு வெப்பத்துக்குத் தள்ளுங்கள். பின் இருக்கைக்கு அடியில் இரண்டாவது ஹீட்டர் இருந்தால் அதன் வால்வையும் திறக்க மறக்க வேண்டாம். பலருக்கு வேலை முடிந்த பிறகும் காற்று தங்கிவிடுவது அந்த மறதியால்தான்.

இனி பின்னால் எஞ்சின் அறையில் உள்ள அழுத்தத் தொட்டியை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குச் சற்று மேல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மிதியை அழுத்தாத வெறும் ஐடிலில் பம்ப்புக்கு அவ்வளவு நீளம் தள்ளும் வலு இருக்காது. ஒருவர் மிதியிலும் ஒருவர் தொட்டியிலும் ஒருவர் முன் திருகிலும் இருந்தால் வேலை எளிது. தொட்டி இறங்க இறங்க நிரப்பிக்கொண்டே இருங்கள். முன் திருகிலிருந்து முதலில் சீறலும், பிறகு நுரையும், கடைசியில் குமிழில்லாத சீரான நீரும் வரும். அந்தக் கடைசி நிலை வந்த பிறகுதான் திருகை இறுக்க வேண்டும். அவசரப்பட்டு நுரையிலேயே இறுக்குவது இந்த வேலையில் நான் மிக அதிகம் பார்த்த தவறு. பிறகு தொட்டியை நிரப்பி மூடியைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, மறுநாள் குளிர்ந்த நிலையில் இன்னொரு முறை முன் திருகைத் திறந்து பாருங்கள். இரண்டாம் முறையும் சிறிது காற்று வருவது இயல்பு. நான்காம் முறையும் வந்தால் அது மிச்சக் காற்று அல்ல. புதிதாக எங்கிருந்தோ உள்ளே வருகிறது என்று பொருள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கேட்டதால் ஒரு வார்த்தை. அது 87 டிகிரியில் திறக்கத் தொடங்குகிறது. ஒரு பாத்திர நீரில் வெப்பமானியுடன் தொங்கவிட்டுச் சூடாக்கினால் திறப்பது கண்ணுக்குத் தெரியும். அது இல்லாமலேயே ஓட்டலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். எஞ்சின் எப்போதும் குறைந்த வெப்பத்தில் ஓடினால் எரிபொருள் வீணாகும், எண்ணெயில் ஈரம் சேரும்.

கேள்வி: என் வண்டியில் வெப்பமானிக்குள் இருக்கும் சிவப்பு விளக்கு நிற்காமல் கண்சிமிட்டுகிறது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது. பிறகு ஏன்?

பதில்: நீங்கள் பார்த்த தொட்டி வேறு, விளக்கு கவனிக்கும் தொட்டி வேறு. இந்த வேனில் இரண்டு தொட்டிகள் உண்டு. நம்பர் பிளேட்டைக் கவிழ்த்தால் தெரிவது அழுத்தமில்லாத நிரப்பு தொட்டி. எஞ்சின் அறைக்குள் இருப்பது அழுத்தத் தொட்டி. அதற்குத்தான் நீல நிற அழுத்த மூடி, அதற்குள்தான் நீர்மட்ட உணரி. சாவியைத் திருப்பிய சில நொடிகள் விளக்கு கண்சிமிட்டி அணைவது சுயசோதனை மட்டுமே. அதற்குப் பிறகும் தொடர்ந்தால், எஞ்சின் ஆறிய பிறகு அழுத்தத் தொட்டியைத் திறந்து பாருங்கள். அது விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும்.

நிறைந்திருந்தும் விளக்கு நிற்கவில்லை என்றால் உணரியின் இரு உலோக முனைகளில் படிந்த படிவைச் சுத்தம் செய்து, இணைப்பு முனைகளையும் துடைத்துப் பாருங்கள். அழுத்தத் தொட்டி குறைந்தும் நிரப்பு தொட்டி நிறைந்தும் இருந்தால் செய்தி வேறு. சூட்டில் விரியும் நீர் மூடி வழியே நிரப்பு தொட்டிக்குப் போகிறது. ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடம் அதே நீரைத் திரும்ப இழுக்க வேண்டும். திரும்ப வரவில்லை என்றால், மூடியின் உள்வால்வு அடைத்திருக்கிறது, அல்லது இரு தொட்டிகளையும் இணைக்கும் மெல்லிய ஹோஸ் வெடித்திருக்கிறது, அல்லது வேறொரு இடத்திலிருந்து வெற்றிடம் காற்றை உறிஞ்சுகிறது. முதலில் மூடியை மாற்றுங்கள். முழு அமைப்பிலும் விலை குறைந்த பாகம் அதுவே; சுமார் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை இருபது டிகிரி அளவுக்கு உயர்த்துவதும் அதுவே. தளர்ந்த மூடியோடு ஓடும் வண்டி, வேறு எந்தக் குறையும் இல்லாமலே கொதிக்கும்.

விளக்கு சிமிட்டியும் முள் கீழேயே இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். நீர் முழுவதும் போய்விட்டால் உணரி வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் உண்மையான வெப்பத்தைக் காட்டாது. இந்த வண்டியில் முள்ளைவிட விளக்கையே நான் நம்புவேன்.

கேள்வி: ரேடியேட்டர் ஃபேன் சுற்றி நான் பார்த்ததே இல்லை. பழுதா?

பதில்: நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே போதும், அங்கே ஃபேன் சுற்றாதது பழுதல்ல. நின்று நின்று போகும் நெரிசலிலோ, நீண்ட ஏற்றத்திலோ அது சுற்ற வேண்டும். ரேடியேட்டரில் திருகப்பட்ட வெப்பச் சுவிட்ச் குறிப்பிட்ட வெப்பத்தில் மெதுவான வேகத்தையும், அதற்கு மேல் போனால் முழு வேகத்தையும் இயக்குகிறது. வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, முள் நடுக்கோட்டைத் தாண்டும்போது காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் வரவில்லை என்றால் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி அதன் கம்பிகளைச் சிறு வயரால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் குறை சுவிட்சில். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பூமி இணைப்பு, மோட்டார் என்ற வரிசையில் தேடுங்கள். மெதுவான வேகம் மட்டும் வேலை செய்யாமல் முழு வேகம் வேலை செய்தால் அதற்கான மின்தடை (ரெசிஸ்டர்) போயிருக்கும். இந்த ஃபேன் சாவியை எடுத்த பிறகும் தானே சுற்றத் தொடங்கக்கூடும். அதன் அருகே கை வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஹெட்டின் விளிம்பில் வெண்மையான படிவும் லேசான ஈரமும் தெரிகிறது. வாரம் ஒரு கோப்பை அளவு தண்ணீர் குறைகிறது. ஒழுகல் நிறுத்தும் பொடி போட்டால் போதும் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: உங்கள் நண்பரின் யோசனையை ஏற்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பொடி கசியும் துளையை அறிந்து அங்கே மட்டும் போய் அடைப்பதில்லை; நீர் மெதுவாக ஓடும் இடங்களில் எல்லாம் படிகிறது. ஹீட்டரின் நுண்குழாய்களும் ரேடியேட்டரும்தான் முதலில் அடைபடும்.

நீங்கள் காண்பது முன்னர் சொன்ன ரப்பர் கேஸ்கட்டின் கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம். அது வெளிப்புறக் கசிவு. எண்ணெயில் நீர் கலப்பதோ சிலிண்டருக்குள் நீர் போவதோ அல்ல. இருந்தாலும் அப்படித்தான் என்று ஊகிக்காமல் சோதித்து உறுதி செய்யுங்கள். ஆறிய எஞ்சினில் மூடியின் இடத்தில் கை பம்ப்பைப் பொருத்தி, மூடியின் அழுத்தம் அளவுக்கு ஏற்றி, கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் நீர் எங்கே சொட்டுகிறது என்று தேடுங்கள். வெளியே எங்கும் ஈரமில்லாமல் அழுத்தம் இறங்கினால், அல்லது இரண்டாம் கேள்விக்கான பதிலில் சொன்னபடி காற்று வெளியேற்றிய பிறகும் காற்று வந்துகொண்டே இருந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு நீருக்குள் புகுகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டியின் வாயில் உள்ள காற்றை நீல நிறச் சோதனைத் திரவத்தின் வழியே இழுத்தால், எரிந்த வாயு இருக்கும்போது அது மஞ்சளாக மாறும். அப்படி மாறினால் ஹெட்டைக் கழற்றுவதைத் தள்ளிப்போட முடியாது.

வெளிப்புறக் கசிவு மட்டும் என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. நீர்மட்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு, வேலைக்குத் திட்டமிடலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் விட்டால் அரிப்பு ஆழமாகும். கேஸ்கட்டை மாற்றினால் போதும் என்ற நிலை, ஹெட்டையே மாற்ற வேண்டும் என்ற நிலையாகிவிடும். ஹெட்டைக் கழற்றும்போது அதை இறுக்கிப் பிடிக்கும் திருகுத் தண்டுகளில் (ஸ்டட்டுகளில்) அரிப்பு இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் கசிந்தால் மறுபக்கமும் அதே வயதுதான். இரண்டையும் ஒன்றாகச் செய்வதே நல்லது.

கேள்வி: ஹோஸ்களை எப்போது மாற்ற வேண்டும்? பார்வைக்கு எல்லாம் நன்றாக இருக்கின்றன.

பதில்: பார்வையைவிட விரலை நம்புங்கள். ஆறிய நிலையில் அழுத்தும்போது உள்ளே நொறுங்குவது போல உணர்ந்தாலோ, கிளிப்பின் அருகே கொழகொழவென்று மென்மையாக இருந்தாலோ அது முடிந்துவிட்டது. வயது தெரியாத ஹோஸ்களை ஒரே முறையில் மொத்தமாக மாற்றிவிடுவேன். ஒன்று வெடித்தாலே வழியில் நிற்க வேண்டியிருக்கும். அடியில் ஓடும் நீண்ட குழாய்களையும் பாருங்கள். முந்தைய வண்டிகளில் அவை எஃகு, உள்ளிருந்து துருப்பிடிக்கும். பிந்தைய வண்டிகளில் பிளாஸ்டிக். துருப்பிடிக்காது, ஆனால் ஒருமுறை கடுமையாகக் கொதித்த வண்டியில் அவற்றின் முனைகள் வலுவிழந்து ஹோஸிலிருந்து கழன்று வரக்கூடும். கூடவே வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். அங்கே ஈரம் என்றால் பம்ப்பின் உள் சீல் தேய்ந்துவிட்டது. பம்ப் பெல்ட்டால் இயங்குவதால், பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

கேள்வி: ஓடும் வழியில் கொதித்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஹீட்டரை முழு வெப்பத்தில், முழு வேகத்தில் வைத்து, பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள். நூறு டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும் நீர், மூடி தளர்ந்த அந்த நொடியில் ஆவியாகி முகத்தில் பாயும். குறைந்தது ஒரு மணி நேரம் காத்திருங்கள். பிறகும் சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை மொத்தமாக ஊற்றாமல், ஆறிய பின் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1970-களின் காற்றால் குளிரும் வேன். தண்ணீரே இல்லாததால் இந்த வேலைகள் எதுவும் எனக்கு இல்லை அல்லவா?

பதில்: ஹோஸ், கூலன்ட் எல்லாம் இல்லை என்பது உண்மை, ஆனால் குளிர்விப்பு முறை இருக்கிறது, அதற்கும் பராமரிப்பு உண்டு. எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டு உறைகளும் அவற்றின் ஓரத்து ரப்பர்களும் அலங்காரத்துக்கு அல்ல. மேலே குளிர்ந்த காற்று, கீழே சிலிண்டர்களைத் தொட்டுச் சூடான காற்று என்று இரண்டையும் பிரித்து வைப்பவை அவைதான். ஒரு ரப்பர் கிழிந்தாலும், ஒரு தகடு இல்லாமல் போனாலும், சூடான காற்றையே ஃபேன் மீண்டும் உறிஞ்சிச் சுற்றும். எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர் 'தேவையில்லை' என்று ஒதுக்கிவிட்ட தகடுகளைத் தேடிப் பொருத்துவதுதான் உங்கள் முதல் வேலை. நீண்ட நாள் நின்ற வண்டியானால் ஃபேன் உறையைக் கழற்றிப் பாருங்கள். எலிக்கூடும் காய்ந்த இலையும் எண்ணெய்க் குளிர்விப்பானின் இதழ்களுக்கு இடையே அடைந்திருப்பது சாதாரணம். காற்றைக் கட்டுப்படுத்தும் மடல்களும் தெர்மோஸ்டாட்டும் இருந்தால் அவை தடையின்றி அசைகின்றனவா என்று கவனியுங்கள்.

அடுத்து உங்கள் எஞ்சின் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். நிமிர்ந்த ஃபேன் உறை கொண்ட பழைய 1.6 லிட்டர் எஞ்சினில், ஃபேன் ஜெனரேட்டரின் அச்சில் அமர்ந்து பெல்ட்டால் சுற்றுகிறது. பின்னர் வந்த தட்டையான 1.7, 1.8, 2.0 லிட்டர் எஞ்சின்களில் ஃபேன் நேரடியாக எஞ்சினின் முதன்மைச் சுழல் அச்சான கிராங்க் அச்சிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. முதல் வகையில் சார்ஜ் விளக்கு எரிந்தால் அது பேட்டரிச் செய்தி மட்டுமல்ல. பெல்ட் அறுந்து குளிர்விப்பே நின்றுபோயிருக்கலாம். அந்த விளக்கு எரிந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பாருங்கள். மாற்றுப் பெல்ட்டும் அதை மாற்றத் தேவையான ஸ்பேனரும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.